கேப்டனின் ஜீப்பில் இல்லாத ஒன்று

ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஐந்து நாட்களாகக் கேப்டன் அந்தக் கால்களோடுதான் பேசிக்கொண்டிருந்தார். கால்கள் அவருக்கு ஒரு நல்ல சேதியும் சொன்னதில்லை.

கேப்டன் என்பது எந்த ராணுவமும் கொடுத்த பட்டம் அல்ல. அவர் காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளர். மலைப்பாதை ஓட்டுநர்களின் வாட்ஸப் குழுவில் தனக்குத் தானே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார். மறுத்துப் பேச மற்றவர்களுக்குச் சோம்பலாக இருந்ததால் அது நிலைத்துவிட்டது. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய அந்த ஜீப்பை வாங்கிப் பதினொரு மாதங்களாகின்றன. "ஆயில் எல்லாம் இப்பத்தான் மாத்தினது, நீங்க ஏறி உக்காந்தா போதும்" என்றார் விற்றவர். கேப்டனும் ஏறி உட்கார்ந்தார். பிறகு கூரையில் எட்டு விளக்குகள் பொருத்தினார். ஆற்றைக் கடக்கும்போது இன்ஜின் மூச்சு விடுவதற்கென்று ஒரு நீளக் குழாய் வைத்தார். தெருமுனையில் அடைத்துக்கொண்ட சாக்கடையைத் தவிர வேறெந்த நீர்நிலையையும் அந்தக் குழாய் பார்த்ததில்லை. பானெட்டைத் திறந்து பார்க்க மட்டும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

மனைவி இந்த வண்டிக்குச் சம்மதித்தது ஒரே ஒரு காரணத்துக்காக. அவள் அக்கா வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. கடைசிச் சரிவு வெறும் மண். ஆட்டோக்காரர்கள் அடிவாரத்திலேயே கும்பிடு போட்டுவிடுவார்கள். "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிம்மா, வாசல்லயே கொண்டு போய் நிறுத்துறேன்" என்று கேப்டன் வாக்குக் கொடுத்திருந்தார். அதன்பிறகு அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாள். இங்கேயோ மாதம் ஒரு சாக்கு. விளக்கு வந்து சேரவில்லை, ஸ்டிக்கர் காயவில்லை. போன திங்கட்கிழமை அவள் குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை வர்றோம்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்." அவள் குரலை உயர்த்தாதபோது எந்தச் சாக்கும் செல்லாது என்பது கேப்டனுக்குத் தெரியும்.

லீவு போட்டு வண்டியைப் பட்டறையில் விட்டார். ஒரு வாரத்தில் அத்தனை பாக்கி வேலையையும் முடித்துவிடலாம் என்று நினைத்தது அவருடைய முதல் தவறு. கியர் ஆயில் தார் மாதிரி வழிந்தது. காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது. பிரேக் கட்டையைக் கழற்றப் போனால் போல்ட் ஒடிந்தது. ஒடிந்ததைத் துளைத்து எடுக்கப் போனால் துளைக்கும் ஊசி ஒடிந்தது. ரேடியேட்டர் குழாயை லேசாகத் தொட்டதற்கே அது கையோடு வந்துவிட்டது. கடையில் கொடுத்த பெல்ட் வேறு வண்டிக்கானது. அதை மாற்றிக்கொண்டு வந்தால் அதுவும் வேறு வண்டிக்கானது. கேப்டன் ஸ்பேனரை வீசி எறிந்தார். பிறகு அவரே குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக்குக்கு அது வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கால்கள் கேட்டன:

"சார், இந்த வண்டிய மலையில ஏத்தியிருக்கீங்களா?"

"ஏத்தாமயா? நாலு சக்கரத்தையும் போட்டுத்தானே போவேன்."

"போட்டா எப்படி இருக்கும்?"

"தரைய அப்படியே கவ்விப் பிடிக்கும்யா. குரூப்ல மலையேத்தத்தப் பத்தி இருபத்திரண்டு பாயிண்ட் எழுதியிருந்தேனே, படிக்கலையா?"

"படிச்சேன் சார். அதான் கேக்குறேன்." மெக்கானிக் சறுக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார். முகம் முழுக்கக் கிரீஸ். அதன் நடுவே சிரிப்பை அடக்கும் பாடு தெரிந்தது. "முன் சக்கரத்தச் சுத்துற ஷாஃப்டே இல்ல சார். யாரோ எப்பவோ கழட்டிட்டாங்க. சத்தம் போடுதுன்னு சில பேர் கழட்டிருவாங்க. நீங்க லிவர இழுத்தா பச்சை லைட்டு எரியும். அவ்வளவுதான், லைட்டு மட்டும் எரியும்."

கேப்டன் குனிந்து பார்த்தார். ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் பட்டறையின் எதிர்ச்சுவர் தெளிவாகத் தெரிந்தது.

"புதுசு போட்டா?"

"வர்றதுக்குப் பத்து நாள் ஆகும். மத்த வேலையெல்லாம் முடிஞ்சுது, எடுத்துட்டுப் போங்க. தரை காஞ்சிருந்தா பின் சக்கரமே மெதுவா ஏத்திடும். ஈரமா இருந்தா முயற்சி பண்ணாதீங்க."

இதை இன்றைக்கே வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் கேப்டன் வீட்டுக்குப் போனார். கூடத்தில் பை கட்டித் தயாராக இருந்தது. அக்காவுக்கு மெத்தென்ற ஒரு தலையணை, வலித்தைலம், இரண்டு புதுப் புடவைகள். மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள்: "ஆமாக்கா, வாசல்லயே. நீ ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கோ, வண்டி ஏறி வர்றது தெரியும்." கேப்டன் கால் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஞாயிறு காலை பாதி வழியில் தூறல் பிடித்தது. சரிவின் அடிவாரம் வந்தபோது தூறல் நின்றிருந்தது. மண் மட்டும் பளபளத்தது.

"போடுங்க, அந்த நாலு சக்கரத்த" என்றாள் மனைவி. அவள் முகத்தில், கல்யாணமான புதிதில் அவர் பார்த்திருந்த ஒரு குஷி.

கேப்டன் லிவரை இழுத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

பத்தடி ஏறியது. பின் சக்கரங்கள் ஒரே இடத்தில் சுழன்று சேற்றை வாரி இறைத்தன. மறுபடி முயன்றார், வண்டி பக்கவாட்டில் நழுவி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. இன்ஜினை அணைத்தார். அவருடைய இருபத்திரண்டு பாயிண்டில் ஒன்றுகூட இந்தப் பள்ளத்தைப் பற்றி இல்லை.

"முன் பக்கம் இழுக்காது" என்றார் கடைசியில். "ஷாஃப்ட் இல்ல."

"எப்பத் தெரியும்?"

"நேத்து."

அவள் கத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தலையணையைக் கக்கத்தில் இடுக்கினாள். பிறகு கண்ணுக்கு மேலே கை வைத்து உச்சியைப் பார்த்தாள். ஓட்டுக் கூரையும் திறந்திருந்த ஒரு ஜன்னலும் அங்கிருந்தே தெரிந்தன.

"இவ்வளவு தூரந்தானா?" என்றாள், அவரிடம் இல்லை. "பதினொரு மாசம்."

அவள் ஏறத் தொடங்கினாள். கேப்டன் இறங்கலாமா என்று கதவின் கைப்பிடியைப் பிடித்தார். அவர் பக்கத்துக் கதவு மேட்டில் முட்டி நின்றது, திறக்கவில்லை. அவள் பக்கத்துக் கதவு விரியத் திறந்து கிடந்தது. கண்ணாடிக்கு அப்பால் தலையணை வெள்ளையாக, சின்னதாக, வழுக்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. சாவியை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.