விரல் வைத்த இடம்

கன்னடத்தில் அச்சடித்த காகிதம் எது வந்தாலும் முதலில் பாகீரதியின் கைக்குத்தான் வரும். பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, ரேஷன் கடை நோட்டீஸ், பிள்ளைகளின் டி.சி. என்று பேதமே கிடையாது. அவள் சூப்பர்வைசராக இருந்த பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில், அவளுடைய லைனில் நாற்பது பெண்கள் சட்டை தைத்தார்கள். பாதிக்கு மேல் ஆரணி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். கடைத்தெருக் கன்னடம் பேசுவார்கள், படிக்க வராது. மற்றவர்களுக்கும் பெயர் எழுதுவதோடு சரி. ஜோகுபாளையத்தில் பிறந்து கன்னடப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த பாகீரதி காகிதத்தைப் படித்து அர்த்தம் சொல்லி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரலை வைப்பாள். விரலுக்குக் கீழே பெயரை எழுதிவிட்டு அவரவர் மெஷினுக்குத் திரும்பிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷ வழக்கம். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஓசூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேன்கள் புதிதாகப் பறக்க ஆரம்பித்திருந்த காலம் அது. கார்மென்ட்ஸ் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தப்போவதாக சர்க்கார் ஒரு வரைவு வெளியிட்டது. உடனே கைக்கு வந்துவிடாது. ஆட்சேபம் இருக்கிறவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுதித் தரலாம், அதைப் பார்த்த பிறகுதான் முடிவு. கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ஆம்ப்ரோஸ் கன்னடப் பேப்பரைச் சத்தமாகப் படித்து இதைச் சொன்னார்.

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு ரூபா கூடுதாம் கண்ணுங்களா! மாசத்துக்கு எவ்ளோ ஆச்சு, கணக்கு போடுங்க."

சொர்ணம் அங்கேயே போட்டுவிட்டாள். பாகீரதி குடியிருந்த வரிசை வீடுகளிலேயே அடுத்த வீட்டுக்காரி அவள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே பஸ்ஸில் ஏறி வருகிற சிநேகிதி. மகள் ஷோபா எஸ்.எஸ்.எல்.சி.யில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியிருந்தாள். மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் தினமும் இழுபறி.

"இது வந்துட்டா ஷோபாவ காலேஜுல சேத்துருவேன்க்கா. அவ அப்பா என்னா சொன்னாலும் சரி" என்றாள் சொர்ணம், அன்று பஸ்ஸில்.

அதற்கு அடுத்த வாரம் பெர்சனல் மேனேஜர் சுந்தரராமன் பாகீரதியைத் தன் ஏ.சி. அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். "உக்காருங்க பாகீரதி" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. காபியும் வந்தது, பிஸ்கட்டோடு.

"இந்தக் கூலி உயர்வு வந்துச்சுன்னா முதலாளிக்குக் கட்டுப்படி ஆகாதும்மா. பார்டரத் தாண்டி ஓசூருக்குப் போயிருவாங்க. இருபதாயிரம் ஸ்கொயர் ஃபீட் ஷெட்டு பாத்தாச்சு. அப்புறம் உங்க ஆளுங்க கதி என்ன? அதுக்குத்தான் தொழிலாளிங்களே எழுதிக் கொடுக்கற மாதிரி ஒரு பேப்பர். நீங்க சொன்னா போடுவாங்க."

அவள் படித்துப் பார்த்தாள். 'எங்களுக்கு இந்த ஊதிய உயர்வு வேண்டாம், இப்போதைய கூலியே எங்களுக்குத் திருப்தி' என்று கன்னடத்தில் ஸ்பஷ்டமாக எழுதியிருந்தது. அவளுக்குப் புரியாமல் இல்லை. ஓசூருக்குப் போய்விடுவார்களோ என்கிற பயம் பாதி. மீதிப் பாதி அந்த நாற்காலி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதை அவள் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஒரு நாற்காலிக்கும் ஒரு டம்ளர் காபிக்கும் நாற்பது பேரின் கூலியை விற்றவள் என்று தன்னையே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

சாப்பாட்டு இடைவேளையில் காகிதத்தைக் கட்டிங் டேபிள் மேல் விரித்தாள்.

"கம்பெனிய மூடக்கூடாதுன்னு சர்க்காருக்கு எழுதறோம்" என்றாள். அப்பட்டமான பொய் இல்லையே என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். டிபன் பாக்ஸைத் திறந்தபடியே வந்த சொர்ணம், "என்னாக்கா, நம்ம கூலி பேப்பரா?" என்று கேட்டாள்.

"அதப் பத்தியும்தான். போடு."

"எங்க சைன் போடணும்?"

பாகீரதி விரலை வைத்தாள். சொர்ணம் நாக்கைத் துருத்திக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதினாள். ரசம் ஒட்டிய விரலைக் காகிதத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. மூன்று வாரம் கழித்து லேபர் ஆபீஸிலிருந்து ஒரு ஆபீஸர் விசாரணைக்கு வந்தார். வயசானவர், நிதானமானவர். லைன் ஓரமாக நடந்து வந்து சொர்ணத்தின் மெஷின் அருகில் நின்று, கூலி உயர்வு வேண்டாம் என்று நீயே விரும்பித்தான் எழுதிக் கொடுத்தாயா என்று கன்னடத்தில் கேட்டார். ஆபீஸ் கன்னடம், அதுவும் வேகமாக. மெஷின்களின் இரைச்சலில் சொர்ணத்துக்குப் பிடிபடவில்லை. அவள் பாகீரதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாக்கா கேக்கறாரு?"

சுந்தரராமன் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அந்த ஒரு நிமிஷத்தைக் கடவுள் தனக்கென்றே கொடுத்தார் என்று பாகீரதி பிறகு நினைத்துக்கொள்வாள். உள்ளது உள்ளபடி நாலு வார்த்தை தமிழில் சொல்லியிருந்தால் போதும்.

"சைன் உன்னோடதான்னு கேக்கறார்" என்றாள்.

"ஹௌது சார், நந்தே" என்றாள் சொர்ணம், ஆமாம், தன்னுடையதுதான் என்று பளிச்சென்று சிரித்துக்கொண்டு. ஆபீஸர் குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

கூலி உயர்ந்தது, இரண்டே ரூபாய். பல கம்பெனிகளில் தொழிலாளர்களே உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததைக் கருத்தில் கொண்டு, என்று பேப்பரில் வந்தது. ஆம்ப்ரோஸ் அதையும் சத்தமாகத்தான் படித்தார். படித்துவிட்டு, "எந்த மவராசி எழுதிக் கொடுத்தாளோ" என்றார். டீ டம்ளரோடு நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் பாகீரதியைப் பார்த்தார்கள்.

யாராவது சண்டை பிடித்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொர்ணம் குழாயடியில் குடத்தை நகர்த்தி வழி விட்டாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். அந்த மாசமே ஷோபா மடிவாளாவில் வேறொரு கார்மென்ட்ஸுக்கு நூல் வெட்டப் போனாள். காலை ஏழு மணிக்கு அந்தப் பெண் சாப்பாட்டுப் பையோடு வாசலைத் தாண்டும்போது பாகீரதி கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். இரண்டு வருஷம் அப்படியே போனது.

அதன் முடிவில் கம்பெனி ஓசூருக்கேதான் போனது. அங்கே இன்னும் மலிவாம். கடைசி நாள், கணக்குத் தீர்க்கும் காகிதத்தைச் சுந்தரராமன் கட்டிங் டேபிள் மேல் வைத்துவிட்டு, பாகீரதியின் பெயரும் அதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்காலியெல்லாம் போடவில்லை.

பெண்கள் டேபிளைச் சுற்றி நின்றார்கள். பாகீரதி படிக்க ஆரம்பித்தாள். ஒரு வரி விடவில்லை. கிராஜுவிட்டி எவ்வளவு, கையெழுத்துப் போட்ட பிறகு கேஸ் போட முடியாது என்கிற நிபந்தனை, எல்லாவற்றையும் கன்னடத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னாள். "இந்த நிபந்தனைய அடிச்சிட்டுத்தான் சைன் போடணும். இல்லேன்னா போடாதீங்க" என்றாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக எதையும் படித்ததில்லை.

படித்து முடித்து, பழக்க தோஷம், சொர்ணத்தின் பெயருக்கு நேரே விரலை வைத்தாள்.

சொர்ணம் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அதன் அடியிலிருந்து காகிதத்தை மெதுவாக உருவி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை தெரிந்தது. ஆம்ப்ரோஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நாற்பது பேரும் வெயிலில் நின்று கேட்டார்கள்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். சொர்ணம் காகிதத்தை டேபிள் மேல் வைத்தாள். நிபந்தனை வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே அவள் கையெழுத்து இருந்தது.

"நீ சொன்ன மாதிரியேதான் இருக்குதாம்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

பாகீரதியின் விரல் இன்னும் டேபிள் மேலேயே இருந்தது. அடுத்தடுத்து வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய், ஆம்ப்ரோஸ் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.