பெயின்ட்டுக்கு அடியில் ஒரு கோடு

விக்கிரவாண்டி தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. ஐம்பதில் ஒன்றுமில்லை. அறுபதைத் தொட்டால் நடுக்கம் கையிலிருந்து தோள்வரை ஏறியது.

குமரேசன் அன்று காலைதான் விழுப்புரத்தில் லாரியின் முன்சக்கரம் இரண்டுக்கும் புது டயர் போட்டிருந்தார். பின்னால் சென்னைக்குப் போகவேண்டிய மல்லாட்டை மூட்டைகள், எல்லாம் வேர்க்கடலை. பக்கத்து இருக்கையில் மகள் சங்கவி. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்குப் பதினொரு மணிக்கு அவளுக்கு நேர்காணல். அவளை இறக்கிவிட்டு அப்படியே போய்விடலாம் என்று கிளம்பியிருந்தார்.

வண்டியை ஓரங்கட்டி, டயர் போட்ட மணிமாறனுக்கு போன் அடித்தார்.

"இன்னாடா பேலன்ஸ் பண்ண நீ? வண்டி ஜுரம் வந்த மாரி ஆடுது!"

"மிஷின்ல வச்சித்தாண்ணா பாத்தேன். ரெண்டும் சரியாத்தான் காட்டுச்சு. திருப்பி எட்த்துக்கினு வாங்க, இன்னொரு வாட்டி பாத்துடலாம்."

"லோடோட திருப்பிக்கினு வர்றதா? தொழில் தெரியாதவன்லாம் ஏன்டா கடை வைக்கிறீங்க?"

அதோடு விடவில்லை. லாரிக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் கடையின் பெயரைச் சொல்லி, யாரும் அங்கே போகாதீர்கள் என்று குரல் பதிவும் போட்டார். போட்ட பிறகுதான் மனசு கொஞ்சம் ஆறியது.

"உன்ன உட்டுட்டு நாப்பதுலயே மெட்ராஸ் போயிட்றேன்" என்றார்.

"வாணாம்ப்பா. எனக்குக் காலுக்கு அடியில ஏதோ அடிக்கிற மாரியே கீது. காட்டிட்டுப் போ."

அவளுக்காகத்தான் திண்டிவனம் புறவழிச்சாலையில் இருதயசெல்வியின் பட்டறையில் நிறுத்தினார். சக்கரம் நேராக ஓடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்கிற பட்டறை அது. இருதயசெல்விக்கு நாற்பது வயதிருக்கும். சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, குமரேசன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

ஜாக்கி போட்டு முன்சக்கரங்களைத் தூக்கினார். டயருக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சாக்பீஸ் கோடு சுற்றிலும் ஒரே சீராக விழுந்தது. கழற்றி பேலன்ஸ் மிஷினில் வைத்துப் பார்த்தார். அதுவும் சரி.

"டயர் மேல குத்தம் இல்லண்ணா. போட்டவரு நல்லாத்தான் போட்டிருக்காரு."

"அப்ப ஏம்மா ஆடுது?"

"அதான் எனக்கும் புரியல. தூக்கி வச்சா ஆடல, எறக்குனா ஆடுது. எடை ஏறும்போது ஏதோ வளையுது." சற்று யோசித்தார். "ரிம்மு ரெண்டும் முன்னாடி இருந்ததேதானா?"

குமரேசன் தயங்கினார். "இல்ல. பழைய ரிம்மு துருவேறிப் போச்சு. பின்னாடி இருந்ததுங்கள எட்த்து முன்னாடி போடச் சொன்னேன்."

இருக்கிற ரிம்மிலேயே போட்டுக்கலாம் என்று மணிமாறன் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இருதயசெல்வி சுத்தியலை எடுத்து வலது பக்க ரிம்மைத் தட்டினார். மணி அடித்த மாதிரி கேட்டது. இடது பக்க ரிம்மைத் தட்டினார். விரிசல் விட்ட பானையைத் தட்டினதுபோல் செத்த சத்தம். மறுபடியும் தட்டினார். அதே சத்தம்தான்.

உப்புத்தாளால் போல்ட் ஓட்டைகளைச் சுற்றியிருந்த வெள்ளிப் பெயின்ட்டைச் சுரண்டினார். மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவினார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் வெள்ளைத் தூளில் ஈரமாக ஒரு கோடாக ஊறி வந்தது. முடிமாதிரி மெல்லிசாக ஒரு ஓட்டையில் ஆரம்பித்து அடுத்த ஓட்டைக்கு ஓடியது. அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு. அது நிற்கும் நிற்கும் என்று குமரேசன் பார்த்தார். நிற்கவில்லை. மொத்தம் பத்து ஓட்டை. ஏழாவதில் போய்த்தான் நின்றது.

"மாதாவே!" என்றார் இருதயசெல்வி. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "இதுலயா விழுப்புரத்துலேர்ந்து ஓட்டிக்கினு வந்தீங்க?"

இடது சக்கரம். அதற்கு நேர் மேலேதான் சங்கவி உட்கார்ந்து வந்தாள். ஆயுதபூஜைக்கு அந்தப் பெயின்ட்டை அடித்தது அவரேதான். பளபளப்பாக இருக்கவேண்டும் என்று இரண்டு பூச்சு. குமரேசன் கழற்றிப்போட்ட டயர்மேல் உட்கார்ந்தார். சங்கவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இந்த ரிம்மு எங்க வாங்குனது?" என்று இருதயசெல்வி கேட்டார்.

"போன வருசம், உடைக்கிற வண்டிலேர்ந்து. நாலு ரிம்மு."

"நாலா? மத்த ரெண்டு?"

குமரேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"வல்லரசு வண்டில கீது."

வல்லரசு பனமலைக்காரர், குமரேசனின் பள்ளிக்கூடச் சிநேகிதர். அவரும் லாரிதான் ஓட்டுகிறார். செங்கல் லோடு. லோடுக்கு மேலே ஏற்றி இறக்குகிற ஆட்கள் ஆறு பேர் உட்கார்ந்து போவார்கள்.

அவருக்கு அடித்த போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை சங்கவி போனை வாங்கி அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஓட்டிக்கினு கீறேன்டா, அப்பால பேசு" என்றது வல்லரசின் குரல்.

"வண்டிய நிறுத்து!" குமரேசன் கத்தினார். "எதையும் கேக்காத. நிறுத்து. ஆளுங்கள எறக்கு."

"டேய், இன்னாடா ஆச்சி? ஏரிக்கரை மேல கீறேன்."

"அங்கயே நிறுத்துடா!"

வண்டி நிற்கிற சத்தமும் ஆட்கள் குதிக்கிற சத்தமும் கேட்டன. இருதயசெல்வி போனருகே குனிந்து, அந்த இரண்டு ரிம்மையும் இரும்பால் தட்டிப் பார்க்கச் சொன்னார். முதல் தட்டு கணீரென்றது. கொஞ்ச நேரம் காலடி ஓசை. பிறகு இரண்டாவது தட்டு.

அதே செத்த சத்தம். இங்கே மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதாங்க" என்றார் இருதயசெல்வி. "அத்தக் கழட்டாம ஒரு அடி கூட நவுத்தாதீங்க."

விவரத்தைக் கேட்ட வல்லரசு, "என் மச்சான் மேல உக்காந்து வந்தான்டா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் போனை வைத்துவிட்டார்.

நேர்காணலுக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. சங்கவி ஆட்டோ பிடித்தாள். ஏறும்போது, "மொதல்ல மணிமாறன் அண்ணனுக்கு போன் பண்ணுப்பா" என்றாள்.

குழுவில் போட்டதைக் குமரேசன் அழித்தார். அழித்தால் போதாது என்று தோன்றியது. தப்பு தன்மேல்தான் என்று விரிசல், பெயின்ட் எல்லாவற்றையும் சொல்லி இன்னொரு பதிவு போட்டார். பிறகு மணிமாறனைக் கூப்பிட்டார்.

மணிமாறன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "நானும் தட்டிப் பாத்திருக்கணும்ணா" என்றான். "பெயின்ட்டு புத்சா கீதேன்னு மாட்டிட்டேன்."

"உன்ன நான் பேசுனது..."

"அத்த வுடுங்கண்ணா. பாப்பா எங்க இப்ப?"

"இன்டர்வியூக்குப் போயிருக்குது" என்று சொல்ல வந்தார். பாதியில் அழுகை வந்துவிட்டது. மணிமாறன் போனை வைக்காமல் காத்திருந்தான்.