ராட்டினம் நின்றபோது காஜா மைதீன் சொன்னது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். இது வேறு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு சிறுகதையில், இறந்துபோன ஒரு மனிதரின் வாயில் அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தை வைத்தேன். போன செவ்வாய்க்கிழமை அவருடைய மகள் நஜீபா ஷார்ஜாவிலிருந்து போன் செய்தாள். அந்த வாக்கியத்தைப் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்போகிறார்களாம். வார்த்தைகள் சரிதானா என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

இன்று வியாழன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஆனி மாதத்து அந்தி காரைக்கால் வீதிகளில் மாம்பழச் சாறாய் வழிந்துகொண்டிருந்த வேளையில், பத்து வயது நஜீபா—"

(வேண்டாம். மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் வழிந்தது வியர்வைதான்.)

இரண்டாம் முயற்சி: 1994. அந்த வருடம் மாங்கனிக்கு ஒரு புது ராட்டினம் வந்திருந்தது. ஒவ்வொரு தொட்டிலிலும் இரண்டு தனித்தனி இருக்கைகள். ராட்டினம் சுற்றும்போது இருக்கைகளும் தம் அச்சில் தாமே சுழலும். அவற்றுக்கு பிரேக் கிடையாது. யார் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதை அவரவர் எடையும் காற்றும் முடிவு செய்யும்.

நஜீபாவும் நானும் காரைக்கால் தருமபுரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வகுப்பு. அவள் வாப்பா காஜா மைதீன் மாமா சவுதியிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அவர் வந்தால் தெருவே சென்ட் மணக்கும். எனக்கும் ரப்பர் வைத்த பென்சில் ஒன்று கிடைக்கும். நஜீபா அந்த இரண்டு மாதமும் அவர் சட்டை நுனியை விடமாட்டாள். என் அப்பா தினமும் வீட்டில் இருந்தார், அதனால் நான் அவரைக் கவனித்ததே இல்லை. இப்போது நினைத்தால் இரண்டு அப்பாக்களுக்காகவும் ஏக்கமாக இருக்கிறது.

மாமாதான் எங்களை அழைத்துப்போனார். ஒரு தொட்டிலில் அவரும் நஜீபாவும். அடுத்த தொட்டிலில் நானும் யாரோ ஒரு அண்ணனும். அவர்கள் உச்சிக்குப் போனபோது கரண்ட் போயிற்று.

3

(இங்கே நஜீபா என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். பழைய கதையில் அவளை டீச்சராக்கியிருந்தேன். ரோலர் கோஸ்டர் வடிவமைக்கிற பெண் என்றால் யார் நம்புவார்கள் என்று பயம். நிஜத்தில் அவள் அதைத்தான் செய்கிறாள். வாசகரைக் குறைத்து மதித்ததற்கு மன்னிக்கவும்.)

அவள் இப்போது செய்வது இருக்கைகள் சுழலும் கோஸ்டர். சாதாரண கோஸ்டரில் தண்டவாளம் சொன்னபடி உடம்பு போகும். இருக்கையும் சுழன்றாலோ ஒவ்வொரு ஓட்டமும் புது ஓட்டம். குண்டு ஆளுக்குப் பக்கத்தில் ஒல்லி ஆள் உட்கார்ந்தால் கணக்கே மாறிவிடும். கழுத்துக்கு எந்தத் திசையில் அடி விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுழலும் இருக்கைக்குக் கரண்ட் ஒயர் இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். இதையெல்லாம் காந்தத்தை வைத்து ஒருவழியாக அடக்கிவிட்டார்கள்.*

அடங்காதது ஒரு கேள்வி. நடுவழியில் கரண்ட் போய் வண்டி நின்றால், வெறும் ஸ்பிரிங் விசையில் இருக்கைகள் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும்? இறங்கும் படிக்கட்டைப் பார்த்து என்றார்கள் எல்லோரும். ஜோடி இருக்கைகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், பிள்ளைக்குப் பெற்றவர் முகம் தெரிய வேண்டும் என்றாள் நஜீபா. ஆறு மாதம் சண்டை. கடைசியில் வாப்பா சொன்னதைச் சொன்னாளாம், எல்லோரும் ஒத்துக்கொண்டார்களாம். கோஸ்டர் வாசலில் வைக்கப்போகிற தகடு அதற்காகத்தான்.

* எனக்குப் புரிந்த அளவு இவ்வளவே. தவறு இருந்தால் என் தலையில் போடுங்கள், அவள் தலையில் அல்ல.

4

என் கதையில் மாமா சொன்னது இது: "பயப்படாத புள்ள. நீ என்னைப் பாக்கலன்னாலும் வாப்பா ஒன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் பரிசு, சால்வை, பிறகு போஜனம், எல்லாமே கிடைத்தது. படித்துவிட்டு நஜீபா அழுதாள். மேலே இருந்தபோது அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். காற்றில் போயிருக்கும், நல்லவேளை நீ கேட்டிருக்கிறாய் என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாமா 1996-இல் சவுதியில், தம்மாமில், மாரடைப்பில் போய்விட்டார், அடக்கமும் அங்கேயே. அவர் பேச்சாக அவளிடம் மிஞ்சியது கொஞ்சம்தான். அதில் இதுவும் ஒன்று என்று ஆனபிறகு எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் சொன்னாள்: "வாப்பா சொன்னது அப்படியே இருக்கணும் முத்தமிழ். ஒரு எழுத்து மாறினாலும் அது அவங்க இல்ல."

5

நடந்தது இது. நாற்பது நிமிடம் மேலேயே நின்றோம். நஜீபாவின் இருக்கை கடலைப் பார்த்து நின்றது. மாமாவுடையது ஊரைப் பார்த்து, அதாவது அடுத்த தொட்டிலில் சற்றுக் கீழே இருந்த என்னைப் பார்த்து. முதுகோடு முதுகு. பெல்ட் இறுக்கியதில் அவளால் திரும்ப முடியவில்லை.

"வாப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாமா பதில் சொல்லவில்லை. கண்ணை இறுக மூடி, உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பயத்தில் குரல் எழவில்லை.

6

முடிவுகள்:

(அ) வார்த்தை சரி என்கிறேன். தகடு ஏறுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் தூக்கம்—

(ஆ) ஞாபகமில்லை என்கிறேன். கோழை முடிவு. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன்.

(இ) கீழே இருப்பது. வாசகரே, கொஞ்சம் ஒதுங்கி உட்காருங்கள். இது உங்களுக்கு எழுதியதல்ல. அச்சுக்குப் போகும் முன் இதை அவளுக்கு அனுப்பப்போகிறேன்.

7

நஜீபா, போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உன் வாப்பா அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் நான் எழுதியது. என்னை மன்னி.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். வசனம் அளவுக்கு எடுப்பாக இல்லை என்று அந்தக் கதையில் விட்டுவிட்டேன். மாமாவின் இடது கை பின்னால் வளைந்து உன் இருக்கையின் குழாயைப் பிடித்திருந்தது. நாற்பது நிமிடமும். இறங்கியபோது அந்த விரல்களை அவரால் விரிக்க முடியவில்லை; ராட்டினக்காரர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

ஒரு தடவை பொய் சொன்னவன் பேச்சை நீ நம்ப வேண்டியதில்லை. நீ கணக்குத் தெரிந்தவள். அன்றைக்கு மேற்கேயிருந்து அடிக்கும் ஆனி மாதத்து மேல்காற்று, உன் முதுகில். பிரேக் இல்லாத இருக்கை. அதில் முப்பது கிலோகூட இல்லாத பிள்ளை. நாற்பது நிமிடமும் கடலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று நீதான் சொல்வாய். யாரும் பிடிக்காமல் அந்த இருக்கை அப்படியே நின்றிருக்குமா?

கணக்கைப் போட்டுப் பார். தகட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நீயே எழுது.