நாலாவது பல்லுக்கு ஒரு பெயர்

1

இது திருட்டுக் கதை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல் டாக்டரிடம் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தையல்காரரும் அவருடைய ஏழு வயது மகளும் உள்ளே போனார்கள். கதவை அவர்கள் சரியாகச் சாத்தவில்லை. காதை நான் சாத்தவில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘சின்னஞ்சிறு மலர்போல் அமர்ந்திருந்த அந்தச் சிறுமியின்...’

(அடித்துவிட்டேன். அவள் மலரெல்லாம் இல்லை. வீட்டில் அவளைக் கூப்பிடுவதே ‘லொடலொட’ என்றுதான். காத்திருந்த நேரத்தில் என்னிடம் மட்டும் பதினெட்டுக் கேள்வி கேட்டாள்.)

2

“பின்னாடி நாலு புதுப் பல்லு முளைச்சிருக்கு, இனிமே விழாத பல்லு,” என்றார் டாக்டரம்மா. “பள்ளம் ஆழமா இருக்கு. நாலுக்கும் சீல் வச்சிடலாம்.”

லொடலொடவின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது.

தையல்காரர் மகள் பக்கம் குனிந்தார். போன வருடம் இவளுக்குப் பால்பல் ஒன்று சொத்தையாகி, எட்டு நாள் துடித்து, கடைசியில் பிடுங்க வேண்டியதாயிற்று. அதுவாவது விழுகிற பல். இது போனால் போனதுதான்.

“வாயத் தொற தங்கம். ஊசி கிடையாதாம், துளை போடறதும் கிடையாதாம்.”

உள்ளங்கையால் வாயைப் பொத்தியபடி பதில் வந்தது. “சீல் வச்சா தொறக்க முடியாது. நம்ம கடைக்கு வச்சாங்கல்ல?”

(கட்டடத்தில் விரிசல் என்று அதிகாரிகள் வந்து கடைப் பூட்டின்மேல் துணி சுற்றி அரக்கு வைத்தார்களாம். நாலு மாதம் கழித்துத்தான் திறந்தார்கள். அந்த நாலு மாதமும் அப்பா வீட்டில் அதிகம் பேசவில்லையாம். பிறகு அவரே என்னிடம் சொன்னது. இதைப் பத்து பக்கம் எழுத எனக்குக் கை அரிக்கிறது. எழுதினால் பல் மறந்துபோகும்.)

3

இந்த இடத்தில் டாக்டரம்மாவை ஒரு பக்கம் பேச வைத்தேன். கிருமி, இனிப்பு, அமிலம். படித்துப் பார்த்தபோது முதலில் தூங்கியது நான்தான். கிழித்துப் போட்டேன். உண்மையில் பேசியது தையல்காரர். மகளின் பாவாடை மடிப்பை விரலால் பிரித்துக் காட்டினார்.

“துவைச்சாலும் அழுக்கு எங்க நிக்கும்?”

“மடிப்புக்குள்ள.”

“பல்லுலயும் மடிப்பு இருக்கு. பிரஷ் நாரு உள்ள போகாது. சாப்பிட்டது அங்க தங்கித்தான் சொத்தை ஆகுது. மேல மெல்லிசா ஒண்ணத் தடவிட்டா மடிப்பு மூடிக்கும். மூடறது மடிப்பத்தான், உன் வாய இல்ல.”

“அப்ப பேசலாமா?”

“நீ பேசாம இருந்தாத்தான் எனக்கு பயம்.”

“அப்ப பல்லு வெளக்க வேணாமா?”

“ஆசையப் பாரு,” என்றார் டாக்டரம்மா. “வெளக்கணும். இது தேயவும் செய்யும். அப்பப்ப வந்து காட்டணும்.”

வாய் திறந்தது.

4

கழுவி, காய வைத்து, ஒரு பசையைத் தடவி, மறுபடி கழுவி, மறுபடி காய வைத்து, பூச்சைப் பூசி, நீல விளக்கைக் காட்டினார். ஈரம் பட்டால் ஒட்டாது. நாக்கு அசையக் கூடாது. லொடலொடவின் வாழ்க்கையிலேயே நீளமான நிமிடங்கள் அவை. ஒவ்வொரு பல் முடிந்ததும் ஒரு விரலை நீட்டினாள்.

‘நான்கு விரல்களும் நீண்டன, அனைவரும் சிரித்தனர்’ என்று ஒரு முடிவு எழுதினேன். தொடர்கதை எழுதிய கைப்பழக்கம். நடந்தது வேறு. மூன்றாவது விரல் நீண்டதும் நர்ஸம்மா தலையை நீட்டி, “இன்னும் ஒரு சீல்தானே?” என்றார்.

பட்.

ஆனால் இந்த முறை கண்ணில் பயம் இல்லை. உதட்டு ஓரத்தால் சொன்னாள்: “வேற பேர் வைங்க. புடிச்சா தொறப்பேன்.”

“பூச்சு?” என்றார் டாக்டரம்மா.

“அது செவுத்துக்கு.”

“லைனிங்?” என்றார் அப்பா.

“அது துணிக்கு உள்பக்கம்ல வரும். உங்களுக்கே தெரியாதா?”

மூன்று பெரியவர்களும் கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்தார்கள். எழுத்தாளன் என்று வாய் தவறிச் சொல்லியிருந்தேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இன்னும் ஓடவில்லை.

நீங்களாவது ஒன்று சொல்லுங்கள். அவசரமில்லை, அவளுடைய மூடிய வாய்க்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு நிற்கிறது, எப்படியும் ரொம்ப நேரம் தாங்காது.