பாதிக் கட்டில்

ஜெயில் வாசலில், பழக்கதோஷத்தில் அவள் பார்வையாளர் குழுவுக்கான கவுண்டரில் போனை நீட்டிவிட்டாள். உள்ளே இருந்த வார்டர் அதை வாங்கிக்கொள்ளாமல் எழுந்து நின்றார்.

"மேடம், இன்னைக்கு இந்தப் பக்கம் இல்ல. குடும்பத்துக்காரங்க எல்லாம் அந்தப் பக்கம்."

அவள் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்தே இதைச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, மதில் ஓரமாக நீண்டு கிடந்த வரிசையின் கடைசியில் போய் நின்றாள். காலையில் ஜெயிலிலிருந்து அழைப்பு வந்தபோது அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உங்க தம்பி விடியக்காலைல தவறிட்டாரு என்றது குரல். அவள் திரும்பிச் சொல்வதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "கூட்டிட்டு வா" என்றாள். சீப்பு பாதி முடியில் சிக்கியபடியே நின்றது.

வரிசையில் முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். கையில் துணிப் பொட்டலம் வைத்திருந்தாள்.

"யாரப் பாக்க வந்தீங்க?"

"தம்பிய."

"எந்த பிளாக்கு?"

"ஆஸ்பத்திரி வார்டு."

"அங்கயாவது ஒரு கட்டில்ல ரெண்டு பேராம். எங்க வீட்டுக்காரர் பிளாக்குல கட்டிலே கிடையாது. முறை வச்சுத் தூங்கறாங்க. பாதிப் பேரு படுத்தா பாதிப் பேரு சுவத்துல சாஞ்சு நிக்கணும்." கொஞ்சம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வியாழக்கிழமையானா தராசு அக்கான்னு ஒருத்தங்க உள்ள வராங்களாம். சாப்பாட்டத் தட்டோட வாங்கி எடை போட்டுப் பாப்பாங்களாம். அன்னைக்கு மட்டும் வயிறு நெறையுதுன்னு சொன்னாரு. அந்த மகராசி நல்லா இருக்கணும்."

அவள் பைக்குள் கையை விட்டு எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

தபால் ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் பார்சல் எடை போட்ட கை அது. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் பார்வையாளர் குழுவில் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது. குழுவினர் ஜெயில் அதிகாரிகளுக்குக் கட்டுப்பட்டவர்களும் இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல் போகலாம், எந்தக் கதவையும் திறக்கச் சொல்லலாம், எந்தக் கைதியோடும் தனியாகப் பேசலாம், பார்த்ததைப் பார்த்தபடி வெளியே எழுதி அனுப்பலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தக்காரர் யாராவது உள்ளே இருந்தால் அவர் இருக்கும் பக்கம் போகக் கூடாது.

போன வருஷம் தம்பி உள்ளே வந்தான். அவன் காவல் இருந்த கிடங்கில் சரக்கு காணாமல் போனது. எடுத்தவர்கள் யாரோ, அகப்பட்டவன் இவன். வழக்கு இன்னும் ஒரு தடவைகூட விசாரணைக்கு வரவில்லை. அவன் வந்த அன்றே அவள் குழுவில் சொல்லிவிட்டாள். சமையலறை, தண்ணீர்த் தொட்டி, பெண்கள் பிளாக் அவளுக்கு என்று ஆயிற்று. மற்றதை டிரைவர் அண்ணன் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு அவளைப்போலவே குழுவுக்கு வந்தவர்.

மற்ற குடும்பங்களைப்போல அவளும் மனுப் போட்டு, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று தம்பியைப் பார்த்தாள். வலையின் இரண்டு பக்கமும் நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தச் சத்தத்திலும் அவன் சிரிப்பு மூட்டுவான். "அம்மாகிட்டச் சொல்லு, நான் இளைச்சு மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டேன்னு." பிறகு நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரி வார்டில் போட்டார்கள். அங்கிருந்து வலை வரைக்கும் அவனால் நடக்க முடியவில்லை. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அதே சமயம், வாரா வாரம் அந்த வார்டுக்குக் கீழேதான் நடந்துபோனாள். சமையலறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு முற்றம். அதன் ஓரத்தில்தான் வார்டு, மாடியில். மேலிருந்து இருமல் கேட்கும். எது அவன் இருமல் என்று காது தானாகப் பிரித்துப் பார்க்கும். அவள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. ஒரு தடவை பார்த்துவிட்டால் கால் தானாகப் படியேறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

டிரைவர் அண்ணன் வார்டைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார். அவள் எதுவும் கேட்க மாட்டாள், அவரும் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தால் நிலைமை நன்றாக இல்லை என்று அர்த்தம். ஒருநாள் அவருக்கே பொறுக்கவில்லை.

"நான் படிக்கட்டுகிட்ட நிக்கறேன். அஞ்சு நிமிஷம் போயிட்டு வந்துரு. யாரும் பாக்க மாட்டாங்க."

"நாம பாத்துருவோமே அண்ணா" என்றாள்.

அம்மாவுக்கு இதையெல்லாம் புரியவைக்க முடியவில்லை. "கூப்புடு தூரம் வரைக்கும் போற. அவனப் பாக்காம திரும்பி வர்ற. உனக்குக் கால் எப்படிடி வருது?" என்று ஒருமுறை கேட்டாள். அதன் பிறகு வியாழக்கிழமைகளில் அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல டீ கேட்பாள்.

வரிசை நகர்ந்தது. அவள் முறை வருவதற்குள் ஜெயிலரே ஆள் அனுப்பிவிட்டார். ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"ரொம்ப வருத்தம் மேடம்" என்றார் ஜெயிலர். கெட்ட மனிதர் இல்லை. அறுநூறு பேருக்குக் கட்டிய இடத்தில் இரண்டாயிரம் பேரை வைத்துக்கொண்டு முழி பிதுங்கிக் கிடப்பவர். "வெளி டாக்டர் வந்து பாத்துட்டாரு. நோய்ச் சாவுதான், அறுக்கத் தேவையில்லன்னு எழுதிட்டாரு. உங்க குழுவும் பாத்தாச்சு. நீங்க எடுத்துட்டுப் போலாம்."

"சரிங்க."

அவர் மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைத் தள்ளி வைத்தார். பிறகு மனசு கேட்காமல் சொன்னார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மேடம். தனிக் கட்டில் போட்டுக் குடுத்திருப்பேன்."

"யார எழுப்பி விட்டுட்டுங்க?"

அவர் கண்ணாடி உருண்டையைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

வார்டுக்கு டிரைவர் அண்ணன் கூட்டிப் போனார். முற்றத்தைக் கடந்து அந்தப் படிகளில் முதல்முறையாக ஏறினாள். மேலே ஈரத் துணியும் மருந்தும் கலந்த வாடை. கட்டிலுக்குக் கட்டில் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். நடுவழியில் பாய் விரித்தும் படுத்திருந்தார்கள். வாளிகள் காலியாக இருந்தன. அவள் கண் அதைக் கவனித்தது. நாலு வாளி, தண்ணீர் இல்லை. இன்றைக்கு இது உன் வேலை இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கோடியில் ஒரு ஸ்ட்ரெச்சர். கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். தம்பியின் முகம் அவள் பயந்த மாதிரி இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் வழவழவென்று மழித்திருந்தது. மீசையைக்கூட ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். அவன் நெற்றியில் கையை வைத்தாள். எடுக்கத் தோன்றவில்லை.

"நான்தாங்க மழிச்சு விட்டேன்" என்றது பின்னால் ஒரு குரல். ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். மறுபாதி காலியாக இருந்தும் அவர் தன் பாதியை விட்டு நகராமல் இருந்தார். "வெளியில சலூன் வச்சிருந்தேன். வார்டரு பிளேடு குடுத்தாரு, கூடவே நின்னு திரும்ப வாங்கிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"தராசு அக்கா நீங்கதான?"

"ஆமாங்க."

"இவருக்கு நீங்க..."

"கூடப் பொறந்தவ."

சலூன்காரர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பாவி, சொல்லவே இல்லையே" என்றார் கடைசியில். "ஜன்னல் பக்கம் காத்து வரும், அது என் எடம். வியாழக்கிழமை மட்டும் அந்த எடத்தக் கேப்பான். சும்மா இல்ல, அன்னைக்கு அவனுக்குக் குடுக்கற முட்டைய என்கிட்ட நீட்டிருவான். நானும் நாக்கு ருசிக்கு ஆசப்பட்டு எந்திரிச்சு எடம் குடுத்துருவேன். கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பாத்துட்டே உக்காந்திருப்பான். என்னடா தெரியுதுன்னா, பஸ்ஸு வருதான்னு பாக்கறேன்னுவான். நீங்க முத்தத்துல போவீங்க. அந்தம்மா நடையப் பாரு, வட்டி வசூலுக்குப் போற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு அவனே சிரிப்பான். சிரிச்சா இருமல் வந்துரும்."

அவள் ஜன்னல் பக்கம் போனாள். கம்பி வழியே பார்த்தாள். வெயிலில் முற்றம் காலியாகக் கிடந்தது. சமையலறைக் கதவு முழுசாகத் தெரிந்தது. தொட்டியின் குழாய்கூடத் தெரிந்தது. கீழே ஒரு வார்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் வழுக்கை அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

"ஒரு நாளாவது நிமிந்து பாப்பீங்கன்னு..." என்று ஆரம்பித்த சலூன்காரர் டிரைவர் அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டிரைவர் அண்ணன் தொண்டையைச் செருமினார். கையில் அட்டை வைத்த காகிதம். "கேட்டாகணும்மா" என்றார். "செத்தவங்க குடும்பத்துக்கிட்ட நாம எப்பவும் கேக்கறதுதான். உங்களுக்குக் கேக்கணும்னு எதாவது இருக்கா?"

"கட்டிலுக்கு ரெண்டு பேரு, வழியெல்லாம் பாயி. தண்ணி வரல. ஜன்னலத் தவிர காத்துக்கு..."

"அதெல்லாம் எழுதிட்டேன். அது தராசு அக்கா சொல்றது. அவனோட அக்கா என்ன கேக்கறா?"

குழுவில் இருந்த இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ அம்மாக்களும் மனைவிகளும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். வேறு எதுவும் அவளுக்கும் வாயில் வரவில்லை.

"அந்த நேரத்துல பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்" என்றார் சலூன்காரர். "கையப் புடிச்சிருந்தேன். புடிக்காம இருக்கவும் எடம் இல்லீங்களே."

அவள் அவருக்குக் கும்பிடு போட்டாள். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. டிரைவர் அண்ணனும் வண்டிக்காரரும் தூக்கிவந்து முன்னறைக் கட்டிலில் கிடத்தினார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. காது மடலைத் தடவினாள், தாடையைத் தடவினாள். "நல்லா மழிச்சு விட்டிருக்காங்க" என்றாள்.

குளிப்பாட்டுவதற்காகப் போர்வையை எடுத்தபோதுதான் கால்கள் தெரிந்தன. முழங்கால் இரண்டும் மடங்கி, இடது பக்கமாக ஒருக்களித்து விறைத்திருந்தன. வண்டிக்காரர் நீட்டிவிடப் பார்த்தார். அசையவில்லை. "இப்ப வராதும்மா, கொஞ்சம் நேரம் போகணும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"இவன் இப்படிப் படுக்க மாட்டானே" என்றாள் அம்மா. "சின்னதுலருந்து கட்டில் பூரா இவனுக்குத்தான வேணும். உன்னக்கூட உதைச்சுக் கீழ தள்ளி விடுவான். என்னடி இது, குளிருக்கு நாயி சுருண்டாப்புல?"

"பாதிக் கட்டில்தாம்மா அங்க."

"எடமே இல்லையா?"

அந்த ஜெயிலைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் சொன்னாள். எவ்வளவு பேருக்கு எவ்வளவு இடம், யார் எப்போது படுப்பார்கள், வாளி எங்கே இருக்கும், காற்று எந்தப் பக்கமிருந்து வரும், எல்லாவற்றையும் பார்த்தது பார்த்தபடி சொன்னாள். அம்மா மகனின் முழங்காலில் கையை வைத்தபடி கேட்டாள்.

"இவன் எந்தப் பக்கம் படுத்தான்?"

"உள்பக்கம். வியாழக்கிழமை மட்டும் ஜன்னல் பக்கம்."

"அங்கருந்து என்ன தெரியும்?"

"முற்றம்."

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அறையில் டிரைவர் அண்ணன் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசல் பக்கம் போனார்.

"வெந்நி வச்சுக் கொண்டா" என்றாள் அம்மா. "பழைய துண்டும் எடுத்துக்க."

இரண்டு பேருமாக ஆளுக்கொரு காலை எடுத்துக்கொண்டார்கள். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து முழங்காலைச் சுற்றிப் போட்டு, ஆறியதும் எடுத்து, கையால் தேய்த்தார்கள். மறுபடி நனைத்தார்கள். அம்மாவின் கை சோர்ந்தபோது அவள் அந்தக் காலையும் சேர்த்துத் தேய்த்தாள். அவள் நிறுத்தியபோது அம்மா தொடர்ந்தாள். வலது கால் முதலில் கொஞ்சம் இளகியது. இடது கால் பிடிவாதமாக இருந்தது.

தண்ணீர் ஆறிவிட்டது. அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொதி வரும்வரை நின்று, பிடிதுணியோடு தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

இரண்டு காலும் இறங்கி நீண்டிருந்தன. அவன் உயரத்துக்கு அந்தக் கட்டில் போதவில்லை. விளிம்பைத் தாண்டி வெளியே நின்ற குதிகால்களை அம்மா, தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.