ஏழாம் தேதிக் கடல்

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில், எப்சிபா லேப்டாப்பில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரில் அவள் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறைதான். கல்யாணமான மறுவாரம், ஜோபியோடு, கொச்சியில்.

இப்போது கடல்தான் அவளுக்கு வேலை. ஒரு கம்பெனி அனுப்பும் செயற்கைக்கோள் படங்களில், தண்ணீரில் வெயில் பட்டுத் தெறிக்கும் இடங்களைப் பார்த்து, எங்கே அலை, எங்கே எண்ணெய்ப் படலம், எங்கே கப்பல் போன தடம் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். காற்றடித்தால் வெயில் சிதறி வெளிறிப் பரந்து கிடக்கும். கடல் அசையாமல் இருந்தால் சூரியன் ஒரே இடத்தில் கண்ணைக் குத்தும், சுற்றிலும் கறுப்பு.

அன்று வந்தவை ஓமன் கரையின் படங்கள். சலாலா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்கள் வெள்ளைப் புள்ளிகளாக நின்றன. அவற்றில் ஒரு புள்ளியில்தான் ஜோபி வேலை பார்க்கிறான். படத்தின் தேதி ஏழு. அன்றைக்கு அவன் அனுப்பிய செய்தி அவளுக்கு மனப்பாடம்: 'கடல் ரொம்ப மோசம். கூப்பிட முடியல.' பத்து நாளாக இதே செய்திதான்.

படத்தில் சூரியன் ஊசிமுனையாகக் குத்தியது. ஒன்பதாம் தேதியைத் திறந்தாள். பன்னிரண்டைத் திறந்தாள். கடல் அசையவே இல்லை.

கொழுந்தெடுத்துவிட்டு வந்த மாமியார் சிசிலி வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"இன்னைக்காவது கூப்பிட்டானாட்டி?"

"இல்லத்தே. கடல் சரியில்லையாம்."

"சின்னதுல மழைன்னு சொல்லிப் பள்ளிக்கூடம் போக மாட்டான். இப்ப கடலு."

எப்சிபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம். சேர்ந்து இருந்தது எழுபது நாள். அதற்குள் அவனுக்கு அலுத்துவிட்டதா? உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். நான்காவது மணியில் எடுத்தான்.

"அங்க அலை எப்பிடி இருக்கு?"

"பேய் அலை. நிக்கவே முடியலட்டி."

"ஏழாம் தேதி அலையே இல்ல. ஒம்பதாம் தேதியும் இல்ல. நான் பார்த்தேன்."

"எங்கருந்து பார்த்த?"

"மேல இருந்து."

அவன் இயந்திரச் சத்தத்திலிருந்து விலகி ஓரமாக வந்தான்.

"அடுத்த மாசம் வாரேன்னு சொன்னேன்ல. இன்னும் ஆறு மாசம் இங்கயே இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன், உன்கிட்ட கேக்காம. பெரிய வேலைக்கு ஏத்தி விடுறேன்னாங்க. உன் குரலைக் கேட்டா மறைக்க முடியாது. அதான் கூப்பிடல."

முதலில் அவளுக்கு நெஞ்சு லேசானது. பிறகுதான் ஆறு மாதம் என்பது உறைத்தது.

"சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அவ்வளவுதான?"

"அதத்தான் தாங்க முடியாது எனக்கு."

"பத்து நாளா தாங்கினது நான்."

"வச்சிரட்டா?" என்றான் மெதுவாக.

"வைக்க வேண்டாம். பேசவும் வேண்டாம்."

போனைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கப்பலின் இயந்திரம் எங்கோ தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. இடையில் ஒருமுறை அவன் இருமினான். சிசிலி சாப்பிடக் கூப்பிட்டபோது, "பேசிட்டிருக்கேன் அத்தே" என்றாள்.