இரும்பா அலுமினியமா

முருகானந்தத்தின் பாதித் தலை மழித்தாகியிருந்தபோதுதான் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"ஏனுங்ண்ணா, கடைசியா அப்பா ஏதாச்சும் சொன்னாருங்களா?"

கத்தி காதுக்கு மேலே நின்றிருந்தது. தலையை ஆட்ட முடியாது; அது ஒரு வசதியாகப் போயிற்று. "இருடா, முடியட்டும்" என்றான் முருகானந்தம்.

சுடுகாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் அப்பா நாச்சிமுத்து விறகின்மேல் படுத்திருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். அப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன் பாத்தியதை. மொட்டையும் குடமும் நெருப்பும் அவனுக்கு. பெங்களூரிலிருந்து மத்தியானம் காரில் வந்து இறங்கிய ஜெயபிரகாஷுக்குக் கையில் ஒரு வேலையும் இல்லை. வெறுமனே நின்றான். அவன் அப்படி நிற்பதைப் பார்க்க முருகானந்தத்துக்குக் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது. அப்பன் செத்த அன்றைக்கு இப்படியும் ஒரு நினைப்பு வருமா என்றால், வந்ததே!

ஆறு மாதமாக அப்பாவுக்கும் தம்பிக்கும் போனில் ஒரே பேச்சு. ஜெயபிரகாஷ் முதல்முதலாக ஒரு கிராவல் பைக் வாங்கப் போகிறானாம். சைக்கிள்தான். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, டயர் மட்டும் தடிமன், தார் ரோட்டிலும் போகும், மண்ணிலும் ஜல்லியிலும் போகும். அதை வாங்குவதற்குள் என்ன ஆராய்ச்சி! டயர் எவ்வளவு அகலம், முன்னால் பல்சக்கரம் ஒன்றா இரண்டா, பிரேம் இரும்பா அலுமினியமா என்று தினமும் சாயந்திரம் வீடியோவில் அளப்பார்கள். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிற மனுஷன், மூக்கில் மாட்டிய குழாயைக் கழற்றிவிட்டுப் பேசுவார். "சாமி, அந்த பின்சக்கரத்தக் கிட்டக் காட்டு சாமி."

தம்பி அவருக்குச் சாமி. பெரியவனுக்கு மட்டும் ரேஷன் கார்டில் இருக்கிறபடி முழுப்பெயர். "முருகானந்தா, மாத்திரை." "முருகானந்தா, மோட்டார நிறுத்துனியா?"

குளிப்பாட்டியது யார்? சளிக் கிண்ணத்தை ஏந்தியது யார்? கோழிப்பண்ணையைப் பெண்டாட்டி மஞ்சுளா தலையில் கட்டிவிட்டு ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது யார்? பத்தொன்பது வயசில் முருகானந்தம் மொபெட் வாங்கப் போன சமயம் அப்பா நாக்பூரில் ஒரு போன் பூத்திலிருந்து கூப்பிட்டார். எந்த வண்டி எடுக்கட்டும் என்று ஆசை ஆசையாகக் கேட்டான். "எதையோ ஒண்ண எட்றா, லோடு எறக்கோணும்" என்று வைத்துவிட்டார். அந்த எதையோ ஒண்ணு இருபத்து மூன்று வருஷமாக அவன் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

இன்று காலை பாலை ஆற்றி நீட்டியபோது அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி. முருகானந்தம் குனிந்தான். தனக்கென்று ஒரு வார்த்தை வரப்போகிறது என்று காதை அவர் வாயருகே கொண்டுபோனான்.

"சாமிகிட்டச் சொல்லிப்போடு. இரும்பே எடுக்கட்டும். அலுமினியம் உதறும். நம்மூட்டு ஜல்லி ரோட்டுல கையி மரத்துப்போயிரும்."

அவ்வளவுதான், பிடி விட்டுப்போயிற்று. மஞ்சுளா பண்ணையில் இருந்தாள், வேறு யார் காதிலும் விழவில்லை. டம்ளரில் பால் ஆடை கட்டியது.

தலை முடிந்தது. முருகானந்தம் எழுந்தான். தம்பி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்துப் பேசறப்ப, இரும்பா அலுமினியமான்னு யோசிச்சு நாளைக்குச் சொல்றேஞ் சாமின்னாருங்ண்ணா. அதுக்குள்ள இப்பிடி…"

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இதையும் அவனுக்கே கொடுக்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது, வாய் முந்திக்கொண்டது.

"அலுமினியமே எடுக்கச் சொன்னாரு."

"என்னய நெனச்சாருங்களாண்ணா?"

"ம்."

ஜெயபிரகாஷ் அண்ணன் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதான். ஈர மொட்டைத் தலையோடு முருகானந்தம் அசையாமல் நின்றான். நேரமாகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவைச் சுற்றி வந்தான்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு ஜெயபிரகாஷ் காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பின்னால் மாட்டியிருந்த சைக்கிளை இறக்கி, வீடு வரைக்குமான ரெண்டு கிலோமீட்டர் ஜல்லி ரோட்டையும் மிதித்தே வந்தான். கைப்பிடிக்குக் கீழே சின்ன எழுத்தில் நாச்சிமுத்து என்று ஒட்டியிருந்தது. சாப்பிட வந்த சனமெல்லாம் சுற்றி நின்று பார்த்தது.

"கடைக்காரன் இரும்பு எடுங்க, இரும்பு எடுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னானுங்ண்ணா. எங்கப்பா சொல்லிட்டாரு, அதுக்கு மேல பேச்சில்லைன்னு சொல்லிப்போட்டேன்." இரண்டு கையையும் உதறிக்கொண்டான். உள்ளங்கை சிவந்திருந்தது. "கொஞ்சம் உதறுதுங். பழகிரும். நீங்க ஒரு நடை போயிட்டு வாங்ண்ணா, அப்பா எடுத்துக் குடுத்த வண்டி."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முருகானந்தம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறினான். நூறடி போவதற்குள் ஒவ்வொரு கல்லும் கைப்பிடி வழியாக ஏறி முழங்கைக்கு வந்தது. மொட்டையில் முளைத்திருந்த முடிவரைக்கும் நடுங்கியது. ரோட்டோரத்தில் மாட்டுக்காரர்கள் நடந்து நடந்து வழுவழுவென்று ஒரு தடம் உண்டு, வண்டிக்காரர்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள். அவன் அதில் இறங்கவில்லை. மெயின் ரோடு வரைக்கும் ஜல்லியிலேயே போனான், ஜல்லியிலேயே திரும்பினான்.

"எப்பிடீங்ண்ணா?" தம்பி வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான்.

"சாமி…" என்று ஆரம்பித்தான் முருகானந்தம். தம்பியை அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஜெயபிரகாஷ் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"நல்லாருக்குது" என்றான்.

மஞ்சுளா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கினான். விரல்களில் பிடி இல்லை, டம்ளர் நழுவி ஜல்லியில் உருண்டது. தம்பி குனிந்து எடுத்தான்.